வீடு மாறும் நாளில் ஒரு ஹாக்கிச் சண்டை

மொண்ட்ரியலில் ஜூலை முதல் தேதி ஊரே வீடு மாறுகிறது. ஒரு தெருவில் நான்கு லோரிகள் நிற்கின்றன. மெத்தைகளைத் தலையில் சுமந்துகொண்டு இளைஞர்கள் சாலையைக் கடக்கிறார்கள். இரும்புப் படிக்கட்டில் ஒரு குளிர்சாதனப் பெட்டி, கயிற்றில் கட்டப்பட்டு, ஒவ்வொரு படியாக இறங்குகிறது. வேண்டாத சோபாக்களும் மேசைகளும் நடைபாதை ஓரத்தில் கிடக்கின்றன. தேவைப்பட்டவர்கள் எடுத்துப் போகலாம்.

கனடாவின் மற்ற மாநிலங்களில் அன்று கனடா தினம். கொடி, அணிவகுப்பு, வாணவேடிக்கை என்று கொண்டாடுவார்கள். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநிலத்துக்கு ஜூன் 24ஆம் தேதி சொந்த விழா முடிந்துவிடுகிறது. ஜூலை முதல் தேதி இங்கே வீடு மாறும் நாள். முன்பு வாடகை ஒப்பந்தங்கள் மே முதல் தேதி தொடங்கின. பள்ளி நடக்கும்போது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மாற வேண்டாமே என்று 1970களில் அரசாங்கம் அதை ஜூலைக்குத் தள்ளியது. சட்டம் இன்று யாரையும் இந்தத் தேதிக்குக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் பலரும் குளிர்சாதனப் பெட்டியையும் அடுப்பையும் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். வீடு மாறினால் அவையும் கூடவே வரும். பழைய வீடுகளில் படிக்கட்டு வெளிப்புறத்தில், தெருவைப் பார்த்து இருக்கிறது. உள்ளே இடத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு. படம் எடுக்க அழகாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியோடு இறங்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.

எனக்கு அது தெரிந்தது 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி. என் தங்கை அன்று வீடு மாறினாள்.

இரண்டு ஆண்டு, ஆறு ஆண்டு ஆனது

இரண்டு ஆண்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வருவேன் என்று சொல்லி கிள்ளானிலிருந்து புறப்பட்டவள் அவள். ஆறு ஆண்டு ஆகிவிட்டது. இடையில் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்து மொண்ட்ரியலில் வளர்ந்த பையனைத் திருமணம் செய்துகொண்டாள். இருவரும் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒரு காலத்தில் கிரேக்கர்கள் நிறைந்த பகுதி அது. இப்போது ஜான்-டாலோன் சாலையில் நடந்தால் புடவைக் கடை, மளிகைக் கடை, தோசை மணம். முதல் நாள் காலை இட்லி சாப்பிட்டுப் பசியாறியபோது பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நினைவு வந்தது. பக்கத்து மேசையில் பிரெஞ்சு பேசினார்கள். அது மட்டும்தான் வித்தியாசம்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே தங்கை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். இந்த முறை வாடகை இல்லை. ஆற்றைத் தாண்டி லவால் நகரில் சொந்த வீடு வாங்கிவிட்டார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

“நீயே சொல்லிடு அண்ணே. நான் சொன்னா அம்மா அழுவாங்க. நீ சொன்னா திட்டுவாங்க. திட்டுறது பரவாயில்ல.”

அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய், சம்பல் போத்தல்களுக்கு நடுவில் ஒரு கேள்வியையும் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார். அவள் எப்போது திரும்பி வருகிறாள் என்று கேட்டு வா. அந்தக் கேள்வியைப் பையிலிருந்து எடுக்கவே எனக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று.

இங்கே ஹாக்கி வேறு

நமக்கு ஹாக்கி என்றால் பச்சைத் தரை. 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் மலேசியா நான்காவது இடம் பிடித்ததை எங்கள் அப்பா வாழ்நாள் முழுதும் பேசினார். மொண்ட்ரியலில் ‘ஹாக்கி’ என்று சொன்னால் பனித்தரை ஆட்டம் மட்டும்தான். அதையும் விளையாட்டு என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

ஜூன் 30ஆம் தேதி மாப்பிள்ளை என்னை நகரத்துக்கு அழைத்துப் போனார். அட்வாட்டர் சாலையும் செயின்ட் கேத்தரின் சாலையும் சந்திக்கும் முனையில் பழைய ‘ஃபோரம்’ அரங்கம் இருக்கிறது. 1924இல் திறந்து, 1996 வரை மொண்ட்ரியல் கனேடியன்ஸ் குழுவின் வீடாக இருந்தது. இப்போது திரையரங்கும் கடைகளும் உள்ள கட்டடம். ஆனாலும் பனித்தரையின் நடுப்புள்ளி இருந்த இடத்தில் குழுவின் சின்னத்தைத் தரையில் பதித்து வைத்திருக்கிறார்கள். பாப்கார்ன் வாங்க வந்தவர்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

1955ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதி இந்த அரங்கத்தில் தொடங்கிய கலவரம் செயின்ட் கேத்தரின் சாலைவரை பரவியது. பிரெஞ்சு மக்களின் நாயகன் மொரிஸ் ரிஷாரைப் பருவத்தின் மிச்ச ஆட்டங்களிலிருந்தும் கிண்ணச் சுற்றிலிருந்தும் லீக் தலைவர் நீக்கியதுதான் காரணம். கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. மறுநாள் ரிஷாரே வானொலியில் பேசி மக்களை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் முதலாளிகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசினார்கள். தொழிலாளிகள் பிரெஞ்சு பேசினார்கள். ஓர் ஆட்டக்காரருக்கு விதித்த தண்டனையைத் தங்களுக்கு விதித்ததாகவே மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து பெல் சென்டர் அதிக தூரமில்லை. 21,000 பேருக்கு மேல் அமரும் இன்றைய அரங்கம். ரிஷார் உள்பட நான்கு வீரர்களின் சிலைகள் வெளியே நிற்கின்றன. ஸ்டான்லி கிண்ணத்தை 24 முறை வென்ற குழு இது. வேறு எந்தக் குழுவும் அத்தனை முறை வென்றதில்லை. ஆனால் கடைசியாக வென்றது 1993இல். அதற்குப் பிறகு கனடாவின் எந்தக் குழுவுமே வென்றதில்லை.

“டொராண்டோ கடைசியா எப்ப வென்றது தெரியுமோ அண்ணா?” என்று மாப்பிள்ளை கேட்டார். நான் கேட்கவில்லை. அவரே சொல்ல விரும்பினார். “1967.”

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ்தான் மொண்ட்ரியலின் பரம எதிரி. ஒன்று ஆங்கில நகரம், மற்றது பிரெஞ்சு நகரம். 1967 இறுதிச் சுற்றில் லீஃப்ஸ் தோற்கடித்ததே மொண்ட்ரியலைத்தான். அந்த ஆண்டுதான் மொண்ட்ரியலில் எக்ஸ்போ உலகக் கண்காட்சி. விருந்தாளிகள் வந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்காரன் அடி வாங்கினால் எப்படி இருக்கும்? இன்றும் அந்தக் கணக்கு தீரவில்லை.

நாங்கள் மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கும்போது மாப்பிள்ளையின் கைபேசி அதிர்ந்தது. பார்த்தார். படியிலேயே நின்றுவிட்டார்.

“மார்னர் போயிட்டான்” என்றார்.

போனது யார்?

மிட்ச் மார்னர் அதுவரை லீஃப்ஸ் குழுவின் முன்கள ஆட்டக்காரர். டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் பிறந்தவர். 2015இல் அந்தக் குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. ஒன்பது பருவங்களில் 657 ஆட்டங்கள், 741 புள்ளிகள். கடைசிப் பருவத்தில் மட்டும் 102 புள்ளிகள். சொந்த ஊர்க் குழுவில் நட்சத்திரமான சொந்த ஊர்ப் பையன். அவர் அமெரிக்காவின் வேகஸ் கோல்டன் நைட்ஸ் குழுவுக்குப் போனார். எட்டு ஆண்டுகள், 96 மில்லியன் அமெரிக்க டாலர்.

வட அமெரிக்க ஹாக்கி லீக்கில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் ஜூலை முதல் தேதி நண்பகலில் சந்தைக்கு வருகிறார்கள். மொண்ட்ரியல்காரர்களுக்கு இது வேடிக்கையான பொருத்தம். அவர்கள் வீடு மாறும் அதே நாளில் ஆட்டக்காரர்களும் வீடு மாறுகிறார்கள். மார்னர் அந்த நாளுக்காகக் காத்திருக்கவில்லை. அவரைச் சும்மா இழப்பதற்குப் பதிலாக, வேகஸிலிருந்து நிக்கோலா ருவா என்ற ஆட்டக்காரரைப் பெற்றுக்கொண்டு லீஃப்ஸ் அனுப்பிவிட்டது.

நடைபாதையில் வழக்காடு மன்றம்

மறுநாள் காலை ஏழு மணிக்கே வேலை தொடங்கியது. உதவிக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் இருவர் வந்தார்கள். மார்க்கமிலிருந்து அவருடைய பெரியம்மா மகன் வேன் ஓட்டி வந்திருந்தார். அவர் லீஃப்ஸ் ரசிகர். எதிரிப் படையின் ஊருக்கு வந்து நாள் முழுதும் சோபா தூக்க வேண்டிய நிலைமை, அதுவும் இப்படி ஒரு செய்திக்கு மறுநாள். அவர் வேனிலிருந்து இறங்கியதும் மாப்பிள்ளை இரு கைகளையும் விரித்து, துக்க வீட்டில் கட்டிப்பிடிப்பதுபோல் கட்டிப்பிடித்தார்.

கீழ்மாடியில் ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வீடு மாறவில்லை. நாற்காலியை நடைபாதையில் போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பகலுக்குள் கனமான பொருள்கள் இறங்கிவிட்டன. உதவிக்கு வந்தவர்களுக்கு பீட்சாவும் பீரும் வாங்கிக் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். அட்டைப் பெட்டிகளின் மேல் பீட்சாவை வைத்து எல்லாரும் சுற்றி நின்றோம். நின்ற இடத்திலேயே வழக்கு தொடங்கியது.

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் லீஃப்ஸ் கதை முடிந்தது என்றார். ஒரு பருவத்தில் 102 புள்ளி எடுப்பவன் போனால் அந்த இடத்தை யார் நிரப்புவது? பதிலுக்கு வந்த ருவா நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் மார்னர் அல்ல.

இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. லீக்கில் ஒவ்வொரு குழுவுக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-26 பருவத்துக்கு அது 95.5 மில்லியன் டாலர். மேத்யூஸுக்கு 13.25 மில்லியன், நைலாண்டருக்கு 11.5 மில்லியன் என்று கொடுத்துவிட்டு மார்னருக்கும் 12 மில்லியன் கொடுத்தால் மற்ற இருபது பேருக்கு என்ன மிஞ்சும்? இப்போதுதான் லீஃப்ஸ் சரியாகக் கணக்குப் போடுகிறது என்றார். “நாம சந்தோஷப்படுறதுக்கு ஒண்டுமில்லை. அவங்கள் நல்லா வந்திடுவாங்கள் எண்டுதான் எனக்குப் பயம்.”

வரிப் பேச்சும் வந்தது. வேகஸ் இருக்கும் நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது. கியூபெக்கில் சம்பளம் வாங்கும் மூன்று பேர் அந்த இடத்தில் இருந்தார்கள். மூவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

கீழ்மாடிக்காரருக்கு வேறு குறை. அந்த ருவா கியூபெக்கின் வடமேற்கில் உள்ள ஆமோஸ் ஊர்க்காரர். மாப்பிள்ளை மொழிபெயர்த்துச் சொன்னார்: “எங்கள் பையன், போயும் போயும் டொராண்டோவுக்கா?” பிறகு பெரியவர் இன்னொன்றும் சொன்னார். எதிரி பலமாக இருக்க வேண்டும். நொண்டிக் குதிரையை முந்தி ஓடி யாருக்கு என்ன பெருமை?

மாப்பிள்ளைக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. 2021 கிண்ணச் சுற்றில் மொண்ட்ரியல் 1-3 என்று பின்தங்கி, பிறகு மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று லீஃப்ஸை வீட்டுக்கு அனுப்பியதை முதலிலிருந்து விவரித்தார். அந்தத் தொடரில் மார்னர் ஒரு கோல்கூடப் போடவில்லை. “பெரிய ஆட்டத்தில ஒளிஞ்சுகொள்ளுவான். கஷ்டம் எண்டதும் ஊரை விட்டு ஓடுறான். துரோகி.”

அதுவரை மார்க்கம்காரர் எதுவும் பேசவில்லை. பீட்சாவின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“அவன் எங்கட பெடியன்” என்றார். “மார்க்கமில பிறந்தவன். என்ர பிள்ளையள் ஹாக்கி பழகினதே அவனைப் பார்த்துத்தான். மே மாசம் ஃப்ளோரிடாவிட்ட 6-1 எண்டு தோற்ற ஏழாவது ஆட்டத்தில, எங்கட சனம் அவங்கட சட்டையையே கழற்றி பனியில எறிஞ்சது. நானும் அண்டைக்கு வீட்டில இருந்து அவனைத் திட்டினனான். ஒன்பது வருசம் விளையாடினவன். அதைப் பற்றி ஆரும் கதைக்கேல்லை. போயிட்டான் எண்டதைத்தான் கதைக்கிறியள். நாங்கள்தான் துரத்தினனாங்கள்.”

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் தொடர்ந்தார்.

“டவாரெஸை நினைச்சுப் பாருங்கோ. 2018இல நியூயார்க் ஐலண்டர்ஸை விட்டுட்டு எங்களிட்ட வந்தான். சின்னப் பிள்ளையா லீஃப்ஸ் போர்வையில படுத்திருந்த படத்தைப் போட்டான். நாங்கள் எல்லாரும் உருகினோம். ஊருக்கு வந்திட்டான் எண்டு. அவன் திரும்ப ஐலண்டர்ஸ் அரங்கத்துக்குப் போனபோது அந்தச் சனம் ரப்பர் பாம்பை எறிஞ்சது. அண்டைக்கு அவையளைப் பார்த்துச் சிரிச்சனாங்கள். வந்தால் பாசம், போனால் துரோகமோ?”

டவாரெஸ் அந்தக் கோடையில் லீஃப்ஸிலேயே நான்கு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டிருந்தார். ஆண்டுக்கு 11 மில்லியன் வாங்கியவர் 4.38 மில்லியனுக்கு ஒப்புக்கொண்டார். இருப்பவரைப் பற்றி அன்று யாரும் அதிகம் பேசவில்லை. போனவரைப் பற்றித்தான் பேச்சு.

எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. சிலாங்கூரின் சாஃபிக் ரஹிம் 2013இல் ஜொகூருக்குப் போனபோது ஷா ஆலாமில் நானும்தான் கத்தினேன். அவர் சிலாங்கூருக்காக ஆடியது எதுவும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

தங்கை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் அம்மா கொடுத்தனுப்பிய சம்பல் போத்தல். உடையக்கூடியவற்றை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே எடுத்துவருவேன் என்று மடியில் வைத்துக்கொண்டே லவால் வந்தாள்.

வந்தவர் ஒருவர்

அன்றே இன்னொரு செய்தியும் வந்தது. மொண்ட்ரியல் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை செயின்ட் லூயிஸ் குழுவுக்குக் கொடுத்து சக்கரி போல்டுக்கைப் பெற்றுக்கொண்டது. போல்டுக் கியூபெக் மாநிலத்துப் பையன். நான்கு நாள்களுக்கு முன்னர்தான் நியூயார்க் ஐலண்டர்ஸிடமிருந்து நோவா டாப்சனைப் பெரிய விலை கொடுத்து எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை லோரியின் பின்பக்கம் ஏறி நின்று செய்தியைச் சத்தமாகப் படித்தார். எதிர்ப்பக்கம் மெத்தை தூக்கிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத இருவர் மெத்தையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். கீழ்மாடிப் பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“பார்த்தியளோ?” என்றார் மார்க்கம்காரர். “செயின்ட் லூயிஸில இப்ப ஆரோ அவனைத் திட்டிக்கொண்டு இருப்பாங்கள்.”

எல்லாரும் சிரித்தோம். மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் துரோகி என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. மாலையில் லோரிக் கதவைச் சாத்தியபோது, தம்முடைய பழைய கனேடியன்ஸ் தொப்பியை எடுத்து அண்ணன் தலையில் வைத்தார். அவர் அதை உடனே கழற்றி வேனுக்குள் எறிந்தார். சமாதானத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

அழைப்பு

லவாலுக்கும் மொண்ட்ரியலுக்கும் நடுவில் ஓர் ஆறு. பாலத்தில் போகும்போது முன்னும் பின்னும் வீடு மாறும் லோரிகள். ஒன்றின் மேல் மிதிவண்டி, இன்னொன்றின் மேல் தொட்டிச் செடி. புது வீடு சிறியது. பின்பக்கம் கொஞ்சம் புல். பனிக்காலத்தில் அங்கே தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் பிள்ளைகள் ஹாக்கி பழகலாம் என்று மாப்பிள்ளை காட்டினார். இன்னும் பிள்ளைகள் இல்லை. இடம் தயார்.

இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு அழைத்தேன். கிள்ளானில் மறுநாள் காலை எட்டு. அம்மா பசியாறிக்கொண்டிருந்தார். தங்கை அடுப்படியில் பெட்டிகளைப் பிரிக்கும் சாக்கில் என் குரல் கேட்கும் தூரத்திலேயே நின்றாள்.

வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். வேலை, வட்டி விகிதம், வாடகை கொடுப்பது வீண் என்று காரணங்களை வரிசைப்படுத்தியிருந்தேன். அம்மாவின் குரலைக் கேட்டதும் அவை எதுவும் வரவில்லை.

“வீடு வாங்கிட்டாங்கம்மா” என்றேன். “மாதம் தவறாம நமக்குப் பணம் அனுப்பினா. அப்பா படுத்திருந்தப்போ மூணு தடவ வந்துட்டுப் போனா. இப்ப இங்க ஒரு வீடு வாங்கிட்டா.”

அந்தப் பக்கம் கரண்டி தட்டில் படும் சத்தம் நின்றது. அடுப்படியிலும் சத்தம் நின்றது. நான் திட்டுக்குக் காத்திருந்தேன்.

“மறுபடியும் மாடி வீடா?” என்று அம்மா கேட்டார்.

“இல்லம்மா. தரை வீடு.”

“வாசல்ல எத்தன படி?”

நான் கதவைத் திறந்து வெளியே போனேன். மாலை வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தேன்.

“மூணுதான்மா.”

“மூணுன்னா என் முட்டி தாங்கும்” என்றார் அம்மா. “போன அவகிட்ட குடு.”